புதுப்பிப்பு: சக்கரம் சுற்றாத அந்தச் சிங்கர் இப்போது தைக்கிறது

போன மாதம் கேட்டிருந்தேன்: பழைய சாமான் கடையில் சிங்கர் 28கே என்கிற, கையால் சுற்றும் பழைய தையல் மெஷின் 2,200 ரூபாய்க்கு வருகிறது, சக்கரம் அசையவே இல்லை, வாங்கலாமா என்று. பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். மனசு கேட்கவில்லை, வாங்கிவிட்டேன்.

சக்கரம் இறுகியதற்குத் துரு காரணமில்லை. யாரோ வருஷக்கணக்கில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது காய்ந்து, தேன் நிறத்தில் பிசினாகி, ஊசித்தண்டைக் கவ்விப் பிடித்திருந்தது. எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் சொட்டுவிட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். மறுநாள் சக்கரம் மயிரிழை அசைந்தது. மூன்றாம் நாள் முழுச் சுற்று! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அப்புறம் நன்றாகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் மட்டும் விட்டேன்.

மெஷின் மேல் உள்ள பொன்னிறச் சித்திரத்தை மட்டும் ஸ்பிரிட்டால் துடைத்துவிடாதீர்கள். மேலே இருப்பது அரக்குப் பூச்சு, கரைந்து போகும்.

அடித்தட்டின் வலது ஓரத்தில் உள்ள எண் 'ஒய்' எழுத்தில் தொடங்குகிறது. அப்படியென்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தது. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது.

வாங்கப் போகிறவர்கள் ஊசிக்குப் பக்கத்தில் உள்ள தகட்டை நகர்த்தி, உள்ளே தோட்டா வடிவ ஷட்டில் (கீழ்நூலைக் கொண்டுபோகும் பகுதி) இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நான் பார்க்காமலே வாங்கினேன். நல்லவேளை, இருந்தது. ஆனால் இதற்கான, கீழ்நூல் சுற்றும் நீள பாபின் ஒன்றுதான் இருக்கிறது, கடைகளில் கிடைக்கும் வட்ட பாபின் இதற்குப் பொருந்தாது. இன்னும் இரண்டு வேண்டும். யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.