நீரடிப் படத்தில் அழையா விருந்தாளி: உங்கள் அனுபவம் என்ன?

ஆழம்18:

ஓராண்டு கடந்தும் அந்த ஒரு படத்தை என்னால் அழிக்கவும் முடியவில்லை, யாரிடமும் காட்டவும் மனம் வரவில்லை. மாண்டா திருக்கைகள் உடலைச் சுத்தம் செய்துகொள்ள வரும் பாறை ஒன்றின் அருகே, 18 மீட்டர் ஆழத்தில், மிக அகலமான காட்சியைப் பிடிக்கும் ஃபிஷ்ஐ லென்ஸை மேல்நோக்கிப் பிடித்தபடி மணலில் அசையாமல் இருந்தேன். சிலிண்டரின் காற்றழுத்தம் 70 பாருக்கு இறங்கி, கிளம்ப வேண்டியதுதான் என்று எண்ணிய நொடியில், பெரிய திருக்கை ஒன்று நேராக என் தலைக்கு மேலே வந்து நின்றது. அதன் வயிற்றுப் புள்ளிகள் நம் கைரேகைபோல் ஒவ்வொன்றுக்கும் தனி என்பதும், ஆய்வாளர்கள் அவற்றைக் கொண்டே இன்ன திருக்கை என்று கண்டுகொள்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். செவுள்களுக்கு நடுவே அந்தப் புள்ளிக்கூட்டம் தெளிவாகத் தெரிந்தது, அழுத்தினேன். திரையில் பார்த்தால், சரியாக அதே இடத்தில், வெள்ளித் தட்டுபோல் ஒரு குமிழி. இடப்பக்கம் இருந்த முக்குளிப்பாளர் அன்று முழுவதும் கொல்லன் துருத்திபோல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், அவர் வேலைதான். திருக்கை மறுபடி வரவில்லை.

சிற்றலை:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. வேண்டாதது என்று எண்ணி நானே துடைத்தெறிந்தேன். ஒரு பெரிய சிவப்பு நியூடிபிராங்கின் (ஓடில்லாத கடல் நத்தை) படம். குவியம், ஒளி எல்லாம் அமைந்துவிட்டன. அதன் செவுள் கொத்துக்கு அடியில் மட்டும் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கறை. ஏதோ குப்பை ஒட்டியிருக்கிறது என்று மென்பொருளில் பத்து நிமிடம் மெனக்கெட்டு அதை அழித்து, அதே கோப்பின் மேலேயே சேமித்தும் விட்டேன். சில நாள் கழித்து, ஆடிப்போன அடுத்த படத்தைத் தற்செயலாகப் பெரிதாக்கியபோது, அந்தக் கறைக்கு இரண்டு கண்களும் ஊதா நிற இடுக்கிகளும் இருந்தன. நியூடிபிராங்க் மீதும் கடல் அட்டை மீதும் சவாரி செய்து வாழும் எம்பரர் இறால் அது. முழுதாக வளர்ந்தாலும் ஏறத்தாழ 2 செ.மீ. தான். இப்போது என்னிடம் இறால் இல்லாத நல்ல படம் ஒன்றும், இறால் இருக்கும் மங்கல் படம் ஒன்றும் இருக்கின்றன. பிக்மி கடற்குதிரையை அறிவியல் அறிந்ததே, 1969இல் நூமேயா மீன்காட்சியகத்துக்காக எடுத்த விசிறிப் பவளத்தில் அதுவும் ஒட்டிக்கொண்டு வந்ததால்தான். அங்கே யாரும் அதைக் கறை என்று தேய்த்துக் கழுவவில்லை.

ஒளிக்கற்றை:

என் கதை சிறியது: ஒரு கணவாயை எடுத்தேன், படம் முழுவதும் பனி பெய்ததுபோல் வெண்புள்ளிகள். அந்தப் பாடத்திலிருந்து ஆழம்18 அவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். லென்ஸுக்கு அருகில் ஸ்ட்ரோப் (நீரடி ஃபிளாஷ் விளக்கு) இருந்தால், இடையிலுள்ள துகள்கள் ஒளியை நேராக லென்ஸுக்கே திருப்பி அனுப்பும். பேக்ஸ்கேட்டர் என்பது அவ்வளவுதான். எனவே ஸ்ட்ரோப் கைகளை அகல விரித்து, லென்ஸுக்கு முன்னுள்ள டோம் கண்ணாடிக்குச் சற்றுப் பின்னே இழுத்து, கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி, ஒளிக்கூம்பின் ஓரம் மட்டும் பொருளைத் தொடும்படி வையுங்கள். பொருளுக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள நீரைக் குறைப்பதே எல்லாவற்றிலும் மேலான வழி. நுண்படம் என்றால் ஸ்னூட் (ஒளியைக் குறுக்கும் குழல்) மாட்டி, வேண்டிய இடத்தில் மட்டும் ஒளியை விழச்செய்யலாம். பின்னணியில் யாரோ ஒருவரின் மஞ்சள் கால்துடுப்பு தெரிகிறதா? ஷட்டர் வேகத்தை 1/200 அளவுக்கு ஏற்றி, லென்ஸ் துளையைச் சுருக்கினால், ஸ்ட்ரோப் எட்டாத நீர் இருண்டு, துடுப்பும் அதிலேயே மறையும். ஐஎஸ்ஓவையும் (கேமராவின் ஒளி உணர்திறன்) குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் குமிழி வந்துவிட்டால் மென்பொருளில் அழித்துவிட்டுப் போங்கள். இதற்காக ஓராண்டு வருந்துவானேன்?

ஃபிலிம்காலம்:

மேலே எழுதியவர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் ஆழம்18 கேட்காத கேள்விக்கு விடை சொல்லியிருக்கிறார். தலைக்கு மேலே சில மீட்டர் தள்ளி நிற்கும் திருக்கையிடம் ஸ்ட்ரோப் ஒளி போய்ச் சேருவதற்குள் நீர் அதை விழுங்கிவிடும். அங்கே அதை அணைத்து வைப்பதே முறை.

என்னை உறுத்துவது ஒரு கோபி மீன். நிக்கோனாஸ் V கேமராவில் லென்ஸ் வழியே பார்க்க முடியாது. நெருக்கப் படத்துக்கு லென்ஸின் முன்னால் ஒரு கம்பிச் சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும், அதற்குள் அகப்படுவதே படம். பவளத்தின் முனைகளை எடுக்க முயன்றபோது, விரல் நுனி அளவுள்ள ஒரு கோபி அந்தக் கம்பியின் மேலேயே வந்து அமர்ந்துகொண்டு, என்னை நேராகப் பார்த்தது. 36 படங்களே உள்ள ஃபிலிம் அது, அதிலும் நான்குதான் மிச்சம். நான் அதை விரலால் ஓட்டிவிட்டேன். அந்தப் பவளப் படத்தை எந்தப் பெட்டியில் வைத்தேன் என்றுகூட இன்று நினைவில்லை. அந்த மீன் பார்த்த பார்வை மட்டும் மறக்கவில்லை.

ஆழம்18, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். குமிழி நேராக மேலே ஏறும்; நீரோட்டம் தள்ளினாலன்றிப் பக்கத்தில் இருப்பவரின் மூச்சு உங்கள் தலைக்கு மேலே வராது. அன்று நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடியது?

வரம்பு:

குமிழியை அழித்துவிட்டுப் போங்கள் என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. வெற்று நீரில் மிதக்கும் ஒரு துகளை அழிப்பது வேறு. அந்தக் குமிழிக்குப் பின்னால் இருப்பவை திருக்கையின் அடையாளப் புள்ளிகள். மென்பொருள் அவ்விடத்தில் தானாகச் சில புள்ளிகளை இட்டு நிரப்பினால், உலகில் இல்லாத ஒரு திருக்கைக்குக் கைரேகை எழுதியதாகிவிடும். தரையில் எடுத்த படத்துக்கே இந்தக் கறார் உண்டு: 2010இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில், பின்னணியில் தெரிந்த பாதம் ஒன்றின் சிறு பகுதியை நீக்கியதற்காக, அறிவித்த பரிசையே திரும்பப் பெற்றார்கள். இதைச் சொல்ல எனக்கும் தயக்கம்தான்; போட்டி ஒன்றுக்கு அனுப்பிய ஆமைப் படத்தில் ஒரு கால்துடுப்பின் நுனியை நானும் அழித்தேன். மூலக் கோப்பைக் கேட்டு மின்னஞ்சல் வந்த அன்று இரவு நான் உறங்கவில்லை. அனுப்பாமல் விலகிக்கொண்டேன்.

ஆழம்18:

ஃபிலிம்காலம் ஐயா கேட்டதற்காகப் பழைய கோப்புகளை நேற்றிரவு திறந்தேன். அதே வரிசையில் மூன்று படங்கள் இருக்கின்றன. முதல் படத்தில் திருக்கை தொலைவில் வருகிறது. இடப்பக்க ஓரத்தில் அந்த முக்குளிப்பாளரின் குமிழிகள் இன்னும் இடப்பக்கமாகச் சாய்ந்து, என்னைவிட்டு விலகி ஏறுகின்றன. இரண்டாவதில் சட்டகத்தின் கீழ்விளிம்பில், லென்ஸை ஒட்டினாற்போல், மிளகளவில் ஒரு குமிழிக்கொத்து முளைக்கிறது. மூன்றாவதில் அது பருத்து, தட்டையாகி, புள்ளிகளை மறைக்கிறது. திருக்கை தலைக்கு மேலே வந்ததும் வியப்பில் நான் விட்ட மூச்சு அது.

ஃபிலிம்காலம்:

அடுத்த முறை முழுதாக மூச்சை விட்டு, குமிழிகள் ஏறிப் போனபின், மெல்ல உள்ளிழுக்கும்போது அழுத்துங்கள். படத்துக்காக மூச்சை அடக்கிவிடாதீர்கள். முதல் நாள் பாடம் அது.

ஆழம்18:

சரி ஐயா. அந்த முக்குளிப்பாளரிடம் கரையேறியதும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருடைய எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் படத்தை அவருக்கு அனுப்பப்போகிறேன், அதில் அவர் தெளிவாக விழுந்திருக்கிறார்.