சேணத்தின் இரும்புக் கொம்புக்கு எந்தத் தோல் போடலாம்?

வி.கோட்டா குதிரைக்காரன்:
வணக்கம். என்கிட்ட பழைய வெஸ்டர்ன் சேணம், அதாவது அமெரிக்க மாட்டுக்காரங்க பாணி சேணம் ஒண்ணு இருக்கு. முன்னால நிக்கிற கொம்புல தோல் கிழிஞ்சு இரும்பு தெரியுது. என் பொண்ணுக்கு எட்டு வயசு, குதிரை ஏறினா அதைத்தான் பிடிப்பா. வெயில்ல கை வைக்க முடியலைன்னு அழறா. போன மாசம் சோபாவுக்குப் போடுற தோலை வாங்கி ஒட்டினேன். கொம்புத் தலைக்கு அடியில சுருக்கம் சுருக்கமா நின்னுச்சு, ரெண்டு வாரத்துல கழண்டுபோச்சு. வேற என்ன செய்யலாம்?

பேரணாம்பட்டு பாய்:
தம்பி, சோபா தோல் குரோம்ல, அதாவது குரோமியம் உப்புல பதனிட்டது. நனைச்சு இழுத்தாலும் வடிவம் பிடிக்காது. ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரி மரச்சாறுல பதனிட்ட தோலா கேளுங்க, கடையில வெஜ் டேன்னு சொன்னா எடுத்துத் தருவாங்க. ரெண்டு மில்லிமீட்டர் கனம் போதும்.

ரெண்டு வட்டம் வெட்டுங்க. மேல் வட்டம் முழுசா இருக்கட்டும். கீழ் வட்டத்துக்கு நடுவுல கொம்போட கழுத்து (தலைக்கு அடியில இருக்கிற தண்டு) நுழைய ஓட்டை, ஓட்டையிலிருந்து ஓரம் வரைக்கும் ஒரு வெட்டு. ரெண்டும் இரும்பைத் தாண்டி அரை அங்குலம் வெளிய நிக்கணும். வெதுவெதுப்பான தண்ணியில முக்கி எடுத்து, ஈரம் பாதி போனதும் கட்டைவிரலால அழுத்தி அழுத்தி இரும்போட படிய வைங்க. இந்த வேலையில அவசரமே கூடாது. அப்புறம் இரும்பின் ஓரத்தை ஒட்டினாப்ல குத்தூசியால ஓட்டை போட்டு, மெழுகு நூல்ல ரெண்டு ஊசித் தையல். ஒரே ஓட்டையில ரெண்டு பக்கமும் ஊசி வரணும், அப்பத்தான் ஒரு நூல் அறுந்தாலும் இன்னொண்ணு பிடிச்சிருக்கும். நிழல்ல ஒரு நாள் காயவிட்டு, பிறகு மிச்ச ஓரத்தை வெட்டுங்க.

குப்பத்துக்காரன்:
பாய் சொன்னது சரி. ஆனா முதல்ல துருவைச் சுரண்டி மெட்டல் பிரைமர் அடிங்க. கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தா கறுப்பு, அந்தக் காலத்துல மை காய்ச்சினதே அப்படித்தான். வெறும் இரும்பு மேல ஈரத்தோலைப் போட்டா உள்ளிருந்து கறை ஏறும். நான் ஒரு கடிவாள வாரை அப்படித்தான் கெடுத்தேன்.

வி.கோட்டா குதிரைக்காரன்:
ரொம்ப நன்றி. கழுத்துக்கு?

பேரணாம்பட்டு பாய்:
அதுக்குத் தனிப் பட்டை. தலைக்குத் தோல் போடுறதுக்கு முன்னாடியே கழுத்தைச் சுத்தி ஒட்டி, தையலைக் குதிரைத் தலைப் பக்கமா வைங்க, பாப்பா கையில உறுத்தாது. அமெரிக்காவுல மாடு பிடிக்கிறவங்க கயித்தை அந்தக் கழுத்துல சுத்துவாங்க, அதனால மேல கோவேறு கழுதைத் தோலும் சுத்துறது உண்டு. உங்களுக்கு அது தேவையில்லை.

வி.கோட்டா குதிரைக்காரன்:
இன்னைக்குப் பிரைமர் அடிச்சாச்சு பாய். நாளைக்குப் பேரணாம்பட்டு வர்றேன், தோல் வாங்க.