மறு: "ஸ்டிச் அண்ட் க்ளூ" படகுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> "தையல் படகு" போதுமே. நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற சொல்தானே.

இருக்கிற சொல் என்பதுதான் எனக்குத் தடை. தையல் படகு என்றால் மசூலா. சென்னைக்குத் துறைமுகம் வருமுன், கடலில் தள்ளி நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்த படகு அது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். உள்ளே வங்குகள், அதாவது படகின் உருவத்தைத் தாங்கும் விலாச் சட்டங்கள், கிடையாது. அலை அறைந்தால் நெளிந்து கொடுக்கும். கயிற்றை அறுத்தால் படகே இல்லை.

நாம் பெயர் தேடுகிற பொருள், பிளைவுட் துண்டுகளைக் கம்பியால் கோத்துப் பிசினால் ஒட்டிக் கட்டுகிற படகு, இதற்கு நேர் எதிர். மிரர் என்ற சிறு பாய்மரப் படகையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவோடு 1960-களின் தொடக்கத்தில் வந்த வடிவமைப்பு. படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைச் செய்து காட்டிய பேரி பக்னெலும் சேர்ந்து செய்தது. 3.3 மீட்டர் நீளம், சிவப்புப் பாய். வெட்டிய பிளைவுட் துண்டுகளின் விளிம்பில் துளையிட்டு, செப்புக் கம்பி கோத்து முறுக்க வேண்டும். முறுக்க முறுக்கத் தட்டைப் பலகை வளைந்து படகின் உருவத்துக்கு வந்துவிடும். அப்புறம் மூட்டுகளில் கண்ணாடியிழைப் பட்டை வைத்துப் பிசின் பூசுவார்கள். பிசின் இறுகியதும் கம்பிக்கு வேலை முடிந்தது; நீட்டிய முனைகளை நறுக்கிவிடலாம். தச்சுத் தொழில் தெரியாதவர்களும் வீட்டிலேயே கட்ட முடிந்ததால் 70,000-க்கும் மேல் கட்டப்பட்டன.

ஆக, இங்கே தாங்குவது ஒட்டு. தையல் வெறும் பிடிமானம்.

> தைத்தொட்டல்

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "தை தொட்டல்" என்று பொங்கல் சடங்கு மாதிரி காதில் விழுகிறது.

என் பரிந்துரை: இழையொட்டு. துணியை அழுத்தித் தைப்பதற்கு முன், கலையாமலிருக்கத் தளர்வாக நூல் ஓட்டுவதை இழையோட்டுதல் என்கிறோமே, அந்த வேலையைத்தான் கம்பி செய்கிறது. இழையொட்டுப் படகு, இழையொட்டு முறை, இழையொட்டிக் கட்டியது என்று வினையாகவும் நீளும்.

—

மறு: மறு:

சொல் பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். இழை என்றால் ஃபைபர் என்று ஆகிவிட்டதே, குழம்பாதா? இன்னொன்று, இப்போது பலர் கம்பிக்குப் பதில் பிளாஸ்டிக் டை (இழுத்தால் இறுகும் கட்டுப்பட்டை) போட்டு இறுக்குகிறார்கள்.

—

மறு: மறு: மறு:

குழம்பட்டும், நல்லதுதான். கம்பியோ டையோ போனபின் மூட்டில் நிற்பது கண்ணாடியிழை. அந்தப் பொருளிலும் பெயர் பொருந்துகிறது. ஆனால் ஓட்டு, ஒட்டு எழுத்துப் பிழை நிச்சயம் வரும். அகராதிப் பதிவில் இரண்டையும் ஒன்றுக்கொன்று சுட்டிவிடுங்கள்.

அடுத்து "ஃபில்லெட்". பிசினில் மரத்தூள் குழைத்து உள்மூலையில் குழிவாக இழுக்கிற பூச்சு. "குழிபூச்சு" என்று தொடங்கி வைக்கிறேன். கட்டட வேலை தெரிந்தவர்கள் இதைவிட நல்ல சொல் வைத்திருப்பீர்கள், எழுதுங்கள்.