பாஸ்வேர்ட் மேனேஜருக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

திருச்சிக்காரன் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை கல்லூரியில் ஒரு பயிலரங்கு. ஆய்வகத்து மூலையில் கிடக்கும் பழைய கணினியில் வால்ட்வார்டன் என்ற பாஸ்வேர்ட் மேனேஜரை (கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் மென்பொருள்) நிறுவி, துறையின் கடவுச்சொற்களை எல்லாம் அதற்குள் கொண்டுவரப் போகிறோம். இப்போது அவை பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிய தாளில் இருக்கின்றன. கையேடு வெள்ளி மதியம் அச்சுக்குப் போகிறது. நாலு சொல் வேண்டும்: பாஸ்வேர்ட் மேனேஜர், வால்ட் (அதற்குள் கடவுச்சொற்கள் இருக்கும் இடம்), மாஸ்டர் பாஸ்வேர்ட் (அதைத் திறக்கும் கடவுச்சொல்), செல்ஃப் ஹோஸ்டட் (நம் கணினியில் நாமே நடத்துவது).

போன வருடம் 'கடவுச்சொல் நிர்வாகி' என்று போட்டேன். ஒரு மாணவி கேட்டாள்: "சார், மறந்துட்டா அந்த நிர்வாகிகிட்ட கேட்டா சொல்லிடுவாரா?" நான் விழித்தேன். நடத்துகிறவருக்கே உள்ளே இருப்பது தெரியாது என்பதுதானே இதன் அடிப்படை? பூட்டும் வேலை நம் போனிலோ கணினியிலோ முடிந்துவிடுகிறது. வழங்கிக்கு (சர்வருக்கு) போவது பூட்டிய மூட்டை மட்டும். சொல்லைக் கேட்டதும் இது கொஞ்சமாவது உறைக்க வேண்டும்.

(வார்டன் என்றதும் ஹாஸ்டல் வார்டனா என்று சிரித்தார்கள். அது தனிக் கதை.)

மாயவரத்தான் எழுதியது:

தம்பி, முதலில் 'கடவு' என்பதைப் பார்த்துவிடுவோம். கடத்தல், கடப்பு, கடவு, கடவுள் எல்லாம் ஒரு வேர். கடவு என்றால் வழி. வழி விடும் சொல் கடவுச்சொல். நம் திருமறைக்காட்டுக் கதையை விடவா இதற்குச் சான்று? மறைகள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி மூடினார். உலகின் முதல் கடவுச்சொல் தேவாரம்தான்!

ஆகவே 'மேலாளர்', 'நிர்வாகி' எதுவும் வேண்டாம். -ஆளர் என்று முடிந்தால் ஆள். கருவிக்கு இகர ஈறுதான். உலாவி, வழங்கி, செயலி என்று பழகிவிட்டோமே. என் முன்மொழிவு 'கடவுகாப்பி'.

கோயமுத்தூரான் எழுதியது:

ஐயா, கடவுகாப்பி என்றால் எங்கள் பிள்ளைகள் டிகாக்‌ஷனா ஃபில்டரா என்று கேட்பார்கள். மன்னிக்கவும், வாய் நிற்கவில்லை.

திருச்சி நண்பருக்கு: சொல்லுக்கு முன்னால் ஒரு கேள்வி. வால்ட்வார்டன்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டதா? ஒரே ஆள் என்றால் கீபாஸ்எக்ஸ்சி என்ற இன்னொரு பாஸ்வேர்ட் மேனேஜர் போதும். ஒரு கோப்பு, வழங்கியே வேண்டாம், பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் நாலு பேர் ஒரே கோப்பைத் திருத்த ஆரம்பித்தால் யார் பிரதி புதியது என்று சண்டை வரும். துறைக்குப் பொது என்றால் வால்ட்வார்டன் சரிதான். ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதியது, ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில்கூட ஓடும், பிட்வார்டன் என்ற பாஸ்வேர்ட் மேனேஜரின் செயலிகளையே அப்படியே இதோடு இணைக்கலாம். ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழை (உலாவிக்கும் வழங்கிக்கும் நடுவே பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டியது) மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். அது இல்லாவிட்டால் உலாவியில் உள்ளேயே நுழைய முடியாது.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கட்டாயம் கேட்பார்கள். ஏற்கெனவே திறந்து வைத்திருந்த போனில் பூட்டிய பிரதி ஒன்று இருக்கும். பார்க்கலாம், புதிதாகச் சேர்க்க முடியாது.

சொல் என்று கேட்டால், சாவிக்கொத்து. பாட்டிக்கும் புரியும்.

மாயவரத்தான் எழுதியது:

சாவி போர்த்துகீசியம்! அலமாரியும் ஜன்னலும் வந்த கப்பலில் வந்தது. 'திறவுகோற்கொத்து' என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

கோயமுத்தூரான் எழுதியது:

அந்தக் கப்பல் வந்து ஐந்நூறு வருடம் ஆகிறது ஐயா. ரேஷன் கார்டே கொடுத்துவிடலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருத்தி எழுதியது:

எங்கட பக்கம் சாவி எண்டு ஒருவரும் சொல்லுறேல்லை, திறப்புத்தான். உங்களுக்குத் திறப்பு எண்டால் அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டுறது. சாவிக்கொத்தும் சரிவராது, திறப்புக்கோர்வையும் சரிவராது. ரெண்டு கரைக்கும் பொதுவான சொல்லாத் தாங்கோ. ஐயா சொன்ன கடவு எங்களிட்டை இன்னும் உயிரோட இருக்கு: பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை. கடவுச்சொல் ரெண்டு பக்கமும் ஓடுது, அதைக் குழப்பாதேங்கோ.

எனக்குப் பிடித்தது 'பெட்டகம்'. சீதனப் பெட்டகம், நகைப் பெட்டகம் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்ச சாமான். பெட்டகம் தானாத் திறந்து காட்டாது. செய்து தந்த தச்சனிட்டைக் கேட்டாலும் உள்ளுக்கு என்ன கிடக்கு எண்டு அவருக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையின்ர கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கு.

திருச்சிக்காரன் எழுதியது:

அக்கா, இது அருமை. 'கருவூலம்' என்று ஒன்றும் மனதில் இருந்தது. ஆனால் எங்கள் ஊழியர்களுக்குக் கருவூலம் என்றால் சம்பள பில்தான்.

ஆனால் ஒரு சிக்கல். வால்ட் என்பதற்கும் பெட்டகம், மேனேஜருக்கும் பெட்டகம் என்றால்?

கோயமுத்தூரான் எழுதியது:

மென்பொருளையும் அதற்குள் இருப்பதையும் பேச்சில் யார் பிரிக்கிறார்கள்? "பெட்டகத்தைத் திற" என்றால் போதும். பிரித்தே ஆக வேண்டிய இடத்தில் 'பெட்டகச் செயலி' என்று எழுதுங்கள்.

மாயவரத்தான் எழுதியது:

பெட்டகத்தை எதிர்க்கவில்லை. செல்ஃப் ஹோஸ்டட் பற்றி யாரும் பேசவில்லையே! ஹோஸ்ட் என்பதற்கு நம்மிடம் விருந்தோம்பல் இருக்கிறது. தன் + ஓம்பு. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்பது நன்னூல். ஆக, 'தன்னோம்பு பெட்டகம்'. வள்ளுவரே அரண் அதிகாரத்தில் இதற்கு இலக்கணம் சொல்லிவிட்டார்: 'கொளற்கரிதாய்க் கொண்டகூழ்த் தாகி அகத்தார் நிலைக்கெளிதாம் நீரது அரண்.' பகைவனால் கொள்ள முடியாது, உணவு உள்ளேயே இருக்கும், உள்ளே இருப்பவருக்கு நிலைத்து நிற்க எளிது. இதைவிட ஒரு கையேடு வேண்டுமா? மாணவர்கள் இந்தக் குறளையே மாஸ்டர் பாஸ்வேர்டாக வைத்துக்கொள்ளலாம்!

கோயமுத்தூரான் எழுதியது:

ஐயா, காலில் விழுகிறேன், இதை மட்டும் வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். குறள் 1330தான். ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே மெதுவாகச் சோதிக்கும்படி செய்திருந்தாலும் நீங்கள் காலைக் காப்பி முடிப்பதற்குள் கணினி எல்லாவற்றையும் முயன்றுவிடும். தேவாரம், சினிமாப் பாட்டு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்தாறு சொற்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்துக் கோக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. உங்கள் குறள் 'கொ' என்று தொடங்குகிறது. ஒருங்குறியில் (யூனிகோடில்) 'கொ'வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான். செயலி இரண்டையும் சமமாக்காமல் விட்டால், வீட்டு விசைப்பலகையில் அமைத்த கடவுச்சொல் ஆய்வகத்தில் தவறு என்று வரும். எனக்கு இது நடந்திருக்கிறது. அரை நாள் என் ஞாபகசக்தியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருத்தி எழுதியது:

இதைக் கட்டாயம் கையேட்டில் போடுங்கோ. நாங்கள் நாலு சொல்லுக்கு மூண்டு நாள் அடிபடுறம், இது ஆருக்கும் தெரியாது.

தன்னோம்பு வடிவாத்தான் இருக்கு ஐயா, ஆனால் முதல்தரம் வாசிக்கிற பிள்ளைக்கு யோகாசனம் மாதிரிக் கேக்கும். 'சொந்த வழங்கியில்' எண்டு சொன்னால் காணாதோ?

திருச்சிக்காரன் எழுதியது:

இன்று வியாழன் இரவு. இதுவரை வந்ததைப் பார்த்தால்: பெட்டகத்துக்கு மூவர், ஐயாவும் எதிர்க்கவில்லை. 'சொந்த வழங்கி'க்கு மூவர், தன்னோம்புக்கு ஒருவர். மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு 'தலைமைக் கடவுச்சொல்' என்று நானே போட்டுவிட்டேன். தலைமை ஆசிரியர் மாதிரி இருக்கிறது, போகட்டும். கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: "தலைமைக் கடவுச்சொல் மறந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது, உங்கள் சாராலும்." தரவுத்தளத்தை வாரம் ஒரு முறை வேறு வட்டில் படியெடுக்கும் வேலை யாருடையது என்று ஒரு கோடு விட்டிருக்கிறேன். பெயரைத் துறைத் தலைவர்தான் நிரப்ப வேண்டும். அச்சுக்கு அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

மாயவரத்தான் எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும், பேரன் கணினியை விடவில்லை. 'கடவுச்சொல் பெட்டகம்' என்று பிரித்தா அச்சிடுகிறீர்கள்? லகரம் றகரமாகும்: கடவுச்சொற்பெட்டகம்.

கோயமுத்தூரான் எழுதியது:

ஐயா, 'சொற்பெட்டகம்' என்றால் அகராதி ஆகிவிடும். அதோடு 'கடவுச்சொல்' என்று தேடுகிறவனுக்கு 'கடவுச்சொற்' அகப்படாது. ஒரு எழுத்து மாறினால் தேடுபொறிக்கு வேறு சொல்.

மாயவரத்தான் எழுதியது:

தேடுபொறிக்குப் புணர்ச்சி தெரியாவிட்டால் அது தேடுபொறியின் குறை, தொல்காப்பியரின் குறை அன்று. என் மறுப்பு பதிவாகட்டும்.

திருச்சிக்காரன் எழுதியது:

பதிவாகிவிட்டது ஐயா. அச்சகத்தில் 120 படி ஓடி முடிந்துவிட்டது, பிரித்துத்தான்.