புதுப்பிப்பு: புல்லட் ஸ்விங் ஆர்ம், சென்டர் ஸ்டாண்ட், டேங்க் – எதற்கு எந்தப் பூச்சு

முன்பு இங்கே கேட்டது: பழைய புல்லட்டின் இந்த மூன்று பாகங்களுக்கும் பவுடர் கோட்டிங்கா (தூளைப் பூசி அடுப்பில் வேகவைப்பது), டூ-கே பெயின்டா (ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயின்ட்)? முடிவு இது. கல் தெறிக்கும் ஸ்விங் ஆர்முக்கும் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஸ்டாண்டுக்கும் பவுடர். டேங்குக்கு டூ-கே, ஏனென்றால் ஒடுக்கு நிரப்பிய சாதாரண பட்டி பவுடருக்கான 180–200 டிகிரி அடுப்புச் சூட்டைத் தாங்காது.

பூச்சின் ஆயுள் அடித்தளத்தில்தான். பிளாஸ்டிங் (துகள் அடித்துப் பழைய பெயின்ட், துருவை நீக்குவது) முடிந்த இரும்பு ஈரக் காற்றில் ஒரே இரவில் பழுப்பு பூத்துவிடும். அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் பவுடர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) ஏற வேண்டும், வெறுங்கை படக்கூடாது. பிரைமர் இல்லாவிட்டால் ஒரு கல் பட்ட இடத்தில் நீர் புகுந்து, பூச்சுக்கு அடியிலேயே துரு பரவி, தோல்போல் உரியும்.

பவுடர் ஏறுமுன் ரப்பர், புஷ் (துளைக்குள் உட்காரும் வளையம்) எல்லாம் வெளியே வர வேண்டும். மரை, புஷ் உட்காரும் துளை, எர்த் வயர் இடம், ஆக்சில் நட் அழுத்தும் முகம் நான்கையும் கட்டாயம் மறைக்கச் சொல்லுங்கள். 60–100 மைக்ரான் பூச்சு நட்டுக்கு அடியில் இருந்தால் நாளாக நசுங்கி, முறுக்கு தளர்ந்துவிடும். பின்சக்கர விஷயம், விட்டுக்கொடுக்காதீர்கள்.

பவுடர் வேகும் சூட்டு நேரம் இரும்பே அந்த வெப்பத்தை எட்டியபின் தொடங்குகிறது, அடுப்புக் காற்று எட்டியபோது அல்ல. கனமான ஸ்டாண்டில் இங்கேதான் வேகாமல் போகிறது.

டூ-கே ஹார்டனரில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் உண்டு. தூசி மாஸ்க் போதாது. வெளிக்காற்று தரும் முகமூடியுள்ள பெயின்ட் பூத்தில் கொடுங்கள்.