பங்க் ஆல்பங்களின் கெட்ட வார்த்தைத் தலைப்புகள்: அடி யாருக்கு, லாபம் யாருக்கு?

பேஸ்_பாலு:

"பாட்டுக்குள் சரக்கு இருந்தால் தலைப்பில் கெட்ட வார்த்தை எதற்கு? விற்பதற்குத்தானே?" என்று வேறொரு இழையில் கேசட்கடை அண்ணன் கேட்டிருந்தார். அங்கே பேச்சு கிட்டார் பக்கம் போய்விட்டது. அதனால் இதைத் தனியாகப் பேசலாம்.

என் கட்சி இதுதான்: பங்க், அதாவது ஆத்திரமும் கலகமும் நிறைந்த அந்த முரட்டு ராக் இசையில், தலைப்பும் பாட்டின் ஒரு பகுதி. 1977ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எலிசபெத் ராணியின் வெள்ளிவிழா நேரத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பிரிட்டன் பங்க் குழுவின் 'காட் சேவ் த குவீன்' பாட்டை பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. அப்படியும் அது பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. அக்டோபர் கடைசியில் அவர்களுடைய ஆல்பம் வந்தது: 'நெவர் மைண்ட் த பொலக்ஸ், ஹியர்ஸ் த செக்ஸ் பிஸ்டல்ஸ்'. பொலக்ஸ் என்பது விதைக்கொட்டைக்கு அங்கே புழங்கும் கொச்சைச் சொல். 'வெட்டிப் பேச்சு' என்ற பொருளிலும் தெருவில் சர்வசாதாரணமாக வரும். ஜேமி ரீட் வடிவமைத்த மஞ்சள் அட்டையின் முன்பக்கத்தில் பாடகர்களின் படமே கிடையாது, வெறும் எழுத்துதான். கடை ஜன்னலில் வைத்தால் அந்தச் சொல்தான் முதலில் கண்ணில் படும்.

பூட்ஸ், உல்வொர்த்ஸ், டபிள்யூ.எச்.ஸ்மித் ஆகிய பெரிய கடைகள் விற்க மாட்டோம் என்றன. நாட்டிங்ஹாமில், ஆல்பத்தை வெளியிட்ட வர்ஜின் நிறுவனத்தின் கடை மேலாளர் மீது போலீஸ் வழக்குப் போட்டது. எந்தச் சட்டத்தில் தெரியுமா? 1889ஆம் ஆண்டின் அநாகரிக விளம்பரச் சட்டத்தில்! நவம்பர் 24 அன்று விசாரணை. மேலாளருக்காக வாதாடிய ஜான் மார்ட்டிமர், இதே சொல்லை அச்சிட்ட பத்திரிகைகள் மேல் ஏன் வழக்கு இல்லை என்று கேட்டார். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் ஜேம்ஸ் கின்ஸ்லி சாட்சிக் கூண்டில் ஏறி, இது பழைய ஆங்கிலக் காலத்துச் சொல், பாதிரியார்களைக் குறிக்கவும் ஒரு காலத்தில் வழங்கியது என்று விளக்கினார். நீதிமன்றம் மனசே இல்லாமல் விடுதலை செய்தது. தீர்ப்பிலேயே இந்த வியாபாரத்தைக் கண்டித்துவிட்டுத்தான் விட்டார்கள்.

பத்திரிகை எழுதினால் செய்தி, வேலையில்லாத வீட்டுப் பையன்கள் எழுதினால் குற்றம். இந்தப் பாகுபாட்டை அந்த ஒரு சொல் நீதிமன்றம் வரை இழுத்துவந்து காட்டியது. மென்மையான தலைப்பு வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

கேசட்கடை:

பாலு தம்பி, நீங்கள் சொன்ன கதையே என் பக்கம்தான் பேசுகிறது. திரும்பப் படித்துப் பாருங்கள். தலைப்பு வைத்தது குழு. லாபம் குழுவுக்கும் கம்பெனிக்கும். ஆல்பம் முதலிடத்துக்கே போனது. ஆனால் குற்றவாளி இடத்தில் நின்றது யார்? சம்பளத்துக்குக் கடை பார்த்த ஓர் ஆள். வர்ஜின் பெரிய நிறுவனம் என்பதால் மார்ட்டிமர் மாதிரி வக்கீல் கிடைத்தார். தெருமுனையில் சொந்தமாகச் சின்னக் கடை போட்டவனுக்கு யார் வருவார்?

நான் பல வருஷம் கேசட்டும் சிடியும் விற்றவன். அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு அப்பா சண்டைக்கு வந்தால், அவர் முன்னால் நிற்பது பாடகன் இல்லை, நான்தான். ஆகவே "துணிச்சல்" என்று நீங்கள் சொல்லும்போது அது யாருடைய துணிச்சல் என்று கேட்கிறேன். கிராஸ் என்ற பிரிட்டன் பங்க் குழுவின் முதல் இசைத்தட்டு, 1978இல் பதிவானது, 'த ஃபீடிங் ஆஃப் த ஃபைவ் தவுசண்ட்'. அதில் இயேசுவைத் திட்டும் 'அசைலம்' என்ற பகுதி இருந்தது. அயர்லாந்தில் தட்டு அச்சடிக்கும் ஆலைத் தொழிலாளர்கள் அதை அடிக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். அவர்கள் முதலாளிகள் அல்ல, அரசாங்கமும் அல்ல. நம்பிக்கையுள்ள உழைப்பாளிகள். அவர்கள் முகத்தில் எறிந்துவிட்டு "அதிகாரத்தை எதிர்த்தோம்" என்று சொல்ல முடியுமா?

நள்ளிரவு_வானொலி:

கிராஸ் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும் அண்ணே. அந்தத் தொழிலாளர்களை அவர்கள் திட்டவில்லை. பாட்டு இருந்த இடத்தை வெறும் மௌனமாக விட்டு, அதற்கு 'த சவுண்ட் ஆஃப் ஃப்ரீ ஸ்பீச்' என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் சொந்தமாகவே கிராஸ் ரெக்கார்ட்ஸ் தொடங்கி அந்தப் பாட்டைத் தனியாக வெளியிட்டார்கள். பிரிட்டனில் சின்ன லேபிள்கள், அதாவது இசைத்தட்டு வெளியிடும் கம்பெனிகள், பெருகியதற்கு இப்படிப்பட்ட மறுப்புகளும் ஒரு காரணம். பெரிய கம்பெனி தொடாத தலைப்பை வைத்தால், பெரிய கம்பெனி இல்லாமல் தட்டு போடவும் விற்கவும் கற்றே ஆக வேண்டும்.

ஆனால் "யார் மாட்டினார்கள்" என்ற அண்ணனின் கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் அது இன்னும் பச்சையாக நடந்தது. டெட் கென்னடிஸ் என்ற பங்க் குழு 1985இல் வெளியிட்ட 'ஃப்ராங்கன்கிரைஸ்ட்' ஆல்பத்துக்குள் எச்.ஆர். கிகர் வரைந்த ஓவியத்தைச் சுவரொட்டியாக மடித்து வைத்தார்கள். வரிசை வரிசையாக ஆண்குறிகள், புணர்ச்சி. அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவில், சிறுவர்களுக்குத் தீங்கான பொருளை விநியோகித்ததாக வழக்கு. வழக்கு பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவோடு மட்டும் நிற்கவில்லை. விநியோகஸ்தர்கள் மேலும், தட்டு அச்சடித்த ஆலையின் உரிமையாளர் மேலும் குற்றம் சாட்டினார்கள். 1987இல் ஜூரி ஒரு முடிவுக்கு வர முடியாமல் பிரிந்தது, வழக்கு தள்ளுபடி. அதற்குள் குழுவே கலைந்துவிட்டது.

பேஸ்_பாலு:

அது சுவரொட்டி, தலைப்பு இல்லை. இதே டெட் கென்னடிஸ் 1981இல் 'டூ ட்ரங்க் டு ஃபக்' என்று அட்டையிலேயே போட்டு விற்றார்கள். பிரிட்டனில் 36ஆம் இடம் வரை போனது. பட்டியலை வாசிக்கிறவர்கள் பெயரைச் சொல்ல முடியாமல் தவிக்க வேண்டியிருந்தது. அதே வருஷம் 'நாஜி பங்க்ஸ் ஃபக் ஆஃப்'. கச்சேரிக்குள் புகுந்து அடிதடி செய்த, ஹிட்லர் சின்னம் மாட்டிய ஆட்களைப் பார்த்து எழுதிய தலைப்பு அது. "நாஜிகளே, தயவுசெய்து வெளியேறுங்கள்" என்று அதை எழுத முடியுமா? அந்த நேரத்துக் கோபத்துக்கு அந்தச் சொல்தான் சரியான அளவு. இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தேன்மொழி:

'நாஜி பங்க்ஸ்' தலைப்பை நானும் ஏற்கிறேன். அங்கே அடி யாருக்கு என்பது தலைப்பிலேயே இருக்கிறது. ஆனால் அதே நியாயத்தை எல்லாத் தலைப்புக்கும் நீட்டிக்கொண்டே போகிறீர்கள்.

நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் 1993ஆம் வருஷ 'இன் யூட்டரோ' ஆல்பத்தில் 'ரேப் மீ' இருக்கிறது. அது வன்புணர்வுக்கு எதிரான பாட்டு என்று அதை எழுதிப் பாடிய கர்ட் கோபேன் சொன்னார். அவர் மனசை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தலைப்பு அட்டையின் பின்பக்கத்தில் தனியாக நிற்கிறது. விளக்கம் பேட்டியில் இருக்கிறது, பாட்டு உள்ளே இருக்கிறது. கடை அலமாரியில் அதைப் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு, அதுவும் அந்தக் கொடுமையை அனுபவித்தவளுக்கு, கிடைப்பது அந்த இரண்டு சொல் மட்டும்தான். எழுதியவர் ஆண். அதிர்ச்சியைத் தாங்க வேண்டியவள் அவள். கேசட்கடை அண்ணன் கடைக்காரரைப் பற்றிக் கேட்டதைத்தான், பாட்டைக் கேட்பவரைப் பற்றி நான் கேட்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவின் பெரிய கடைகளான வால்மார்ட்டும் கேமார்ட்டும் விற்க மறுத்ததும், 1994இல் அட்டையை மாற்றி அந்தத் தலைப்பை 'வெய்ஃப் மீ' என்று போட்டார்கள். பாட்டு ஒரு எழுத்துகூட மாறவில்லை. தலைப்பும் பாட்டின் பகுதி என்றால், பாலு, அதை இவ்வளவு சுலபமாக எப்படிக் கழற்ற முடிந்தது?

பேஸ்_பாலு:

அதற்குக் காரணம் உண்டு. சின்ன ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் கடைகளை விட்டால் இசை வாங்க வேறு இடம் கிடையாது. கோபேன் வளர்ந்ததே அப்படிப்பட்ட ஊரில்தான். ஆபர்டீன், மரம் வெட்டும் ஊர். அந்தப் பிள்ளைகளுக்குப் பாட்டு போய்ச் சேர வேண்டும் என்றுதான் விட்டுக்கொடுத்தார். பணத்துக்காக மட்டும் என்று சொல்வது அவருக்கு அநியாயம்.

தேன்மொழி:

பணம் என்று நான் சொல்லவே இல்லையே. பாட்டு போய்ச் சேரத் தலைப்பு தடையாக இருந்தது என்று அவரே முடிவு செய்தார். நானும் அதைத்தான் சொல்கிறேன்.

செம்பருத்தி:

தேன்மொழி அக்கா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் பேசுவதில் பெண்கள் அட்டையைப் பார்த்துக் காயப்படும் இடத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள். தலைப்பு வைத்த பெண்கள் எங்கே?

கிராஸ் 1981இல் 'பீனிஸ் என்வி' என்று ஓர் ஆல்பம் போட்டது. பெண்ணுக்கு ஆண்குறி மேல் பொறாமை என்று ஃப்ராய்ட் சொன்ன கோட்பாட்டின் பெயரையே எடுத்து அட்டையில் ஒட்டினார்கள். பாட்டு முழுக்கப் பெண் குரல்கள். கல்யாணம், அழகு, ஆண் அதிகாரம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார்கள். பிறகு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒலிம்பியா ஊரில் ரயட் கேர்ள் என்ற பெண்ணிய பங்க் அலை. பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹன்னா தன் வயிற்றில் 'ஸ்லட்' என்று எழுதிக்கொண்டு மேடை ஏறினார். வேசி என்று கூட்டத்திலிருந்து எவனோ கத்துவதற்கு முன்னால் அவரே எழுதிவிட்டார். கத்த வந்தவன் கையில் என்ன மிச்சம்?

பெண்ணைத் திட்டுவதற்கென்றே இருக்கும் சொற்கள் எல்லா மொழியிலும் கிடக்கின்றன. அவற்றைப் பெண்ணே எடுத்துத் தலைப்பில் வைப்பதும், பிளிங்க் 182 மாதிரி பையன்கள் 1999இல் 'எனிமா ஆஃப் த ஸ்டேட்' என்று அட்டையில் நர்ஸ் உடுப்புப் பெண்ணை நிறுத்திச் சிரிப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே கூடையில் போட்டுத் தடுத்தால், முதலில் வாய் அடைக்கப்படுவது பெண்தான்.

நள்ளிரவு_வானொலி:

இதற்குப் பொருத்தமாக ஒன்று. போர்ட்லாண்டில் ஆசிய அமெரிக்கர்கள் சேர்ந்து தொடங்கிய த ஸ்லாண்ட்ஸ் என்ற குழு, தங்கள் கண்ணைக் கேலி செய்யும் இனவெறிச் சொல்லையே பெயராக வைத்தது. இழிவுபடுத்தும் பெயர் என்று வணிகக்குறி அலுவலகம் பதிவு செய்ய மறுத்தது. அந்தச் சொல்லால் அடிபட்டவர்களுக்கே அதைப் பயன்படுத்தத் தடை! 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் குழுவின் பக்கம் நின்றது.

கேசட்கடை:

செம்பருத்தி சொன்னதில் உள்ள வித்தியாசத்தை மதிக்கிறேன் அம்மா. ஆனால் பாலு சொன்ன 1977 இப்போது இல்லை என்பதையும் பாருங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழா. ராணி மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த விழாவில் பிஸ்டல்ஸின் 'ப்ரிட்டி வேகண்ட்' ஒலித்தது. ஃபக் பட்டன்ஸ் குழுவின் இசையும் ஒலித்தது. பெயரைக் கவனியுங்கள். எந்த அரண்மனையைத் திட்டினார்களோ அந்த அரண்மனைக்காரர் முன்னாலேயே அரசு செலவில் அந்தப் பாட்டு ஒலிக்கிறது. கனடாவில் ஃபக்ட் அப் என்ற ஹார்ட்கோர் பங்க் குழு 2009இல் அந்த நாட்டின் போலாரிஸ் இசைப் பரிசு வாங்கியது, 20,000 டாலர். ஆப்பிள் மியூசிக் தலைப்பின் நடுவே நட்சத்திரக் குறி போட்டுவிட்டு விற்றுக்கொண்டே இருக்கிறது.

இப்போது அந்தச் சொல்லைத் தலைப்பில் வைக்கும் பையன் எந்த விலையும் கொடுக்கவில்லை. விலை இல்லாத இடத்தில் துணிச்சல் என்ற பேச்சு எனக்கு ஒட்டவில்லை.

பேஸ்_பாலு:

விலை இல்லை என்று யார் சொன்னது? அதே கனடாவில் ஹோலி ஃபக் என்ற குழு வெளிநாட்டுக் கச்சேரிக்கு அரசிடம் சின்ன உதவித்தொகை வாங்கியிருந்தது. 2008இல் கன்சர்வேட்டிவ் அரசு கலைஞர்களுக்கான பயண உதவித் திட்டத்தையே நிறுத்தியபோது உதாரணம் காட்டியதில் இந்தப் பெயரும் ஒன்று. ஃபக்ட் அப் குழுவின் பெயரை நியூயார்க் டைம்ஸ் அச்சிடவே இல்லை. பெயரைச் சொல்லாமலே அவர்களைப் பற்றி எழுதியது.

தேன்மொழி:

அந்த உதவித் திட்டம் நின்றதில் நஷ்டப்பட்டது ஹோலி ஃபக் மட்டுமா? அந்தத் திட்டத்தை நம்பியிருந்த நாடகக்காரர்கள், நடனக்காரர்கள், எழுத்தாளர்கள் எல்லோருக்கும்தான் போனது. குழுவின் மேல் நான் பழி போடவில்லை, வெட்டியது அரசாங்கம். ஆனால் வெட்டக் காத்திருந்தவன் கையில் கத்தியைக் கொடுத்தது அந்தப் பெயர். அதை வைக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்களையும் ஒரு தரம் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

செம்பருத்தி:

காத்திருந்தவன் வேறு ஏதாவது காரணம் கண்டுபிடித்திருப்பான் அக்கா. மாஸ்கோவைப் பாருங்கள். 2012 பிப்ரவரி 21, புஸ்ஸி ரயட் என்ற பங்க் குழுவின் பெண்கள் கிறிஸ்து மீட்பர் பேராலயத்துக்குள் போய், புடினை விரட்டு என்று கன்னி மரியாளிடம் கேட்டுப் பாடினார்கள். அவர்கள் வைத்த பெயர் 'பங்க் பிரார்த்தனை'. அந்தத் தலைப்பில் கெட்ட வார்த்தை எங்கே இருக்கிறது? ஆகஸ்டில் மூன்று பேருக்கு இரண்டு வருஷத் தண்டனை, மத வெறுப்பால் செய்த ரவுடித்தனம் என்று. ஒருவரை மேல்முறையீட்டில் விட்டார்கள். மற்ற இருவர் 2013 டிசம்பர் வரை உள்ளேதான். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ரஷ்யா செய்தது தவறு என்று சொன்னபோது 2018 ஆகிவிட்டது.

கேசட்கடை:

அவர்கள் விஷயத்தில் எனக்குச் சண்டையே இல்லை. மேடையில் நின்றதும் அவர்கள், சிறைக்குப் போனதும் அவர்கள். நாட்டிங்ஹாமில் நடந்தது அப்படி இல்லை. பாலு அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பேஸ்_பாலு:

சொல்கிறேன் அண்ணே. போலீஸ் அந்த மேலாளரைப் பிடித்தது அட்டை அவர் ஜன்னலில் இருந்ததால். அவர் அதை எடுத்து உள்ளே வைத்திருக்கலாம். அவர் வைக்கவில்லை. அந்த வழக்கில் துணிந்தவர்களில் அவரையும் ஒருவராக நான் எண்ணுகிறேன், வெறும் பலியாளாக இல்லை.

கேசட்கடை:

சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவன் கம்பெனி அனுப்பிய அட்டையை ஜன்னலில் வைப்பதற்குத் துணிச்சல் என்று பெயர் வைத்தால், அவன் சம்மதித்தானா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடும். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி.