58 சிசி செயின்சா கருவேலத்தில் வேகமா அறுக்கணும்: சைலன்சரில் ஓட்டை போடலாமா?

சாயல்குடி_58

அண்ணன்மாருக்கு வணக்கம். சீனத் தயாரிப்பு 58 சிசி மிஷின். 22 இஞ்ச் பார், .325 இஞ்ச் பிட்ச் செயின், 86 லிங்க் (பார் காடியில ஓடுற கண்ணி), 7 பல்லு ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கிற பல்சக்கரம்). வேலை முழுக்க கரிமூட்டத்துக்கு வேலிக்கருவை (சீமைக்கருவேலம்) அறுக்கிறதுதான். மரம் பெரும்பாலும் ஆறுல இருந்து பத்து இஞ்ச் கனம். பச்சையில ஓரளவு போகுது. காய்ஞ்ச மரத்துல அமுக்கினாத்தான் இறங்குது, அமுக்கினா வேகம் விழுந்து கிளட்ச் பக்கம் புகையுது. வீடியோவுல சைலன்சரைக் கழட்டி ஓட்டை போட்டு, 8 பல்லு ஸ்ப்ராக்கெட் மாட்டி, வாழைத்தண்டு மாதிரி அறுக்கிறாங்க. நம்ம மிஷினுக்கு அது ஆகுமா? பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி டூ-டி (2T) ஆயில் ஊத்துறேன், பாருக்கு வேஸ்ட் ஆயில். எதை முதல்ல மாத்தணும், எதைத் தொடக்கூடாது?

தட்டையரம்

தம்பி, "அமுக்கினாத்தான் இறங்குது" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இன்ஜினில் குறை இருக்கிறதோ இல்லையோ, செயினில் இருக்கிறது. தீட்டின செயின் மிஷின் கனத்திலேயே இறங்கும். பச்சை மரத்தில் சீவல் சீவலாக வரவேண்டும், காய்ந்த கருவையில் அரிசிக் குருணை அளவுக்காவது வரவேண்டும். மாவு மாதிரி வந்தால் பல் மழுங்கிவிட்டது.

.325 செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம். கையில் கிடைத்த 4 மி.மீ. அரத்தைப் போட்டால் பல்லுக்கு அடியில் பள்ளம் விழும், முனை மெலிந்து ஒரே மரத்தில் மடங்கிப் போகும். அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1 மி.மீ., பல்லின் மேல்தட்டுக்கு மேலே தெரியவேண்டும். கோணம் பொதுவாக 30 டிகிரி. காய்ந்த கருவேலத்துக்கு 25 வையுங்கள். வேகம் கொஞ்சம் குறைந்தாலும் கூர் நிற்கும், மொத்தத்தில் அதுதான் லாபம். இருப்பதிலேயே குட்டையான பல்லைத் தேடி, மற்ற எல்லாவற்றையும் அந்த நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கத்துப் பல் நீளமாக இருந்தால் அறுப்பு வளைந்து போகும், பார் உள்ளே இறுகும்.

அடுத்தது யாரும் கவனிக்காத சமாச்சாரம்: பல்லுக்கு முன்னால் நிற்கிற மேடு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று முடிவு செய்வது அதுதான். பல்லின் மேல்தட்டு பின்பக்கம் சரிந்திருப்பதால், தீட்டத் தீட்டப் பல் உயரம் குறையும், மேடு அப்படியே நிற்கும். நாலைந்து தீட்டலுக்கு ஒரு தடவை கேஜ் (மேட்டின் தாழ்வை அளக்கும் தகடு) வைத்துப் பார்த்து, தட்டை அரத்தால் 0.65 மி.மீ. தாழ்வுக்குக் கொண்டுவாருங்கள். "இன்னும் கொஞ்சம் கடிக்கட்டும்" என்று 1 மி.மீ. இறக்கினால் 58 சிசியால் இழுக்க முடியாது. செயின் கொத்தும், பார் நுனி பட்டால் மிஷின் முகத்துக்கு எகிறும்.

பல்லின் வகையையும் பாருங்கள். மூலை கூராக இருப்பது ஃபுல் சிசல், மூலை உருண்டிருப்பது செமி சிசல். ஃபுல் சிசல் சுத்தமான மரத்தில் பறக்கும். நம்ம கடற்கரை மணலில் அரை நாள் தாங்காது. இங்கே செமி சிசல்தான்.

கடைசியாக, பத்து இஞ்ச் மரத்துக்கு 22 இஞ்ச் பார் எதற்கு? 18 இஞ்ச் பார், 72 லிங்க் செயின் மாட்டுங்கள். உராய்வு குறையும், எண்ணெய் நுனி வரை போகும், தீட்டவும் பல் குறைவு.

தொண்டிப் பட்டறை

மேலே சொன்னது சரிதான். ஆனா சைலன்சர் வேலையை அப்படியே ஒதுக்கிவிட வேண்டாம். இந்த ரக மிஷினில் புகை வெளியேறும் துளை ரொம்பச் சின்னது, திறந்தா வித்தியாசம் தெரியும். கணக்கில்லாம திறக்கிறதுதான் தப்பு.

சைலன்சரைக் கழட்டினதும் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாயை அளங்க. உதாரணத்துக்கு 24க்கு 14 மி.மீ.ன்னா 336 சதுர மி.மீ. வெளித்துளை எல்லாம் சேர்த்து அதில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது 270க்குள்ள. 12 மி.மீ. துளை ஒண்ணு 113 சதுர மி.மீ. ஏற்கெனவே ஒரு துளை இருந்தா, கூட ஒண்ணு போதும். அதுக்கு மேல திறந்தா சத்தம்தான் கூடும், இழுவை கூடாது. புகை கைப்பிடி பக்கமோ பிளாஸ்டிக் மூடி பக்கமோ அடிக்காத மாதிரி திசை பாருங்க. துளைச்ச இரும்புத் தூளை ஒண்ணு விடாம ஊதித் தள்ளுங்க. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் பிஸ்டன் கீறிடும். கேஸ்கெட் புதுசு போடுங்க. தீப்பொறி வலையை எடுத்து வீசிடாதீங்க, புதுத் துளைக்கும் வலை வேணும். கோடையில் கருவைச் சருகு மேல ஒரு பொறி போதும்.

புகை லேசா வெளியேறினா காற்றும் கூடுதலா உள்ளே வரும். அதுக்கு ஏத்த பெட்ரோல் கொடுக்கலைன்னா கலவையில பெட்ரோல் குறைஞ்சு (இதைத்தான் மெலிவுன்னு சொல்றது) பிஸ்டன் சூட்டுல இறுகிடும். வீடியோவுல இதைச் சொல்ல மாட்டாங்க. ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவெச்சு மாட்டி, மிஷினை மூணு நாலு நிமிஷம் சூடாக்குங்க. முதல்ல கார்புரேட்டர்ல எல் திருகு (குறைஞ்ச வேகத்துக்குப் பெட்ரோல் அளவு வைக்கிறது): ஐடில், அதாவது த்ராட்டில் தொடாத ஓட்டம், உச்சத்துக்கு வர்ற இடத்தைப் பிடிச்சு, அங்கிருந்து எதிர்க்கடிகாரத் திசையில் எட்டில் ஒரு சுற்று திறங்க. அப்புறம் ஐடில் திருகால செயின் சுத்தாம நிக்கிற அளவு வைங்க. கடைசியா எச் திருகு (முழு வேகத்துக்குப் பெட்ரோல் அளவு வைக்கிறது): செயின் வெறுமனே சுத்தும்போது முழு த்ராட்டில் ரெண்டு மூணு நொடி மட்டும். சத்தம் கரகரன்னு அடைச்ச மாதிரி இருக்கணும், மரத்துல வெச்சதும் தெளியணும். வெறும் ஓட்டத்துலயே "வீஈஈ"ன்னு சுத்தமா கத்தினா மெலிவு, உடனே இன்னும் திறங்க. ஒரு டேங்க் ஓட்டிட்டு பிளக்கைப் பாருங்க, காப்பித்தூள் நிறம் இருக்கணும். வெள்ளைன்னா ஆபத்து.

8 பல்லு ஸ்ப்ராக்கெட் வேண்டாம். செயின் வேகம் 14 சதவீதம் ஏறும், இழுவை 12.5 சதவீதம் இறங்கும். ஏற்கெனவே அமுங்குற மிஷின். மெலிஞ்ச, பச்சைக் கிளைக்கு மட்டும்தான் அது தோது. ஃபிளைவீல் சாவியை ராவி டைமிங்கை (பிளக் பொறி விழுற நேரத்தை) முன்னுக்குத் தள்ளுற வேலையும் இதில் வேண்டாம். சூட்டில் ஓடுற மிஷின், தட்டல் (கலவை தப்பா வெடிச்சுத் தட்டுறது) ஆரம்பிச்சா பிஸ்டன் தலை போயிடும்.

சாயல்குடி_58

ரெண்டு பேருக்கும் நன்றிண்ணே. கேஜ் வெச்சுப் பார்த்தேன், மேடு பல்லோட கிட்டத்தட்ட சமமா நிக்குது. சரி பண்ணிடுறேன். இன்னும் ரெண்டு கேள்வி. நல்லாத் தீட்டினாலும் தரையோட ஒட்டி தூர் அறுத்தா ரெண்டே மரத்துல மழுங்குது. அப்புறம், ஒரு வாரம் நிறுத்தி வெச்ச மிஷின் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்குது, ஸ்டார்ட் ஆனாலும் உச்சத்துல கத்துது.

பனங்காடு

தரையோட ஒட்டி அறுக்கிறது மரம் அறுக்கிறதில்ல, மணலை அறுக்கிறது. ஒரு சாண் விட்டு அறுங்க. கீழ இருந்தே எடுக்கணும்னா மண்வெட்டியால சுத்தி மண்ணை விலக்கி, விளக்குமாறால தட்டிட்டு, அறுக்கிற இடத்துல மட்டும் நாலு விரல் அகலத்துக்கு அரிவாளால பட்டையைச் சீவுங்க. நம்ம பக்கத்துக் காத்துல பட்டை வெடிப்பு எல்லாம் மணல்தான். முழுக்கச் சீவ நேரமில்லைன்னா, செயின் மரத்துக்குள்ள நுழையுற பக்கத்தை மட்டுமாவது சீவுங்க. பாரோட அடிப்பக்கத்தால அறுக்கும்போது செயின் நுனியில இருந்து மிஷினைப் பார்த்து ஓடுது. அதனால நுழையுற பக்கம் நமக்கு எதிர்ப்பக்கம். நம்ம பக்கத்து மணலைச் செயினே வெளிய தள்ளிடும்.

வேஸ்ட் ஆயிலை இன்னைக்கே நிறுத்துங்க. அதுல இரும்புத்தூளும் கரியும் இருக்கு, ஆயில் பம்பையும் பாரையும் சேர்த்துத் தின்னும். செயின் ஆயில் கிடைக்கலைன்னா புது 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் போதும். சோதனை எளிது: வெட்டின மரத்துமேல பார் நுனியைக் காட்டி வேகம் கொடுங்க, அரை நிமிஷத்துல எண்ணெய்க் கோடு விழணும். விழலைன்னா பார்ல இருக்கிற எண்ணெய்த் துளை மரத்தூளும் மணலும் சேர்ந்து அடைச்சிருக்கும். ஒவ்வொரு தடவை செயின் மாத்தும்போதும் பாரைத் தலைகீழா திருப்பி மாட்டுங்க, காடியைச் சுரண்டுங்க, ஓரத்துல எழும்பின பிசிறைத் தட்டை அரத்தால ராவுங்க. பனைமரம் அறுத்தா நார் ஸ்ப்ராக்கெட்டுல சுத்திக்கும், மூடியைத் திறந்து எடுத்துட்டுத்தான் அடுத்த மரம். நிக்கிற பனைன்னா கலெக்டர் அனுமதி வேணும்கிறதையும் மறந்துடாதீங்க.

ரெண்டாவது கேள்வி: பெட்ரோல். இப்ப பங்குல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், கடலோரக் காத்துல கேக்கவே வேண்டாம். ஈரம் அளவு மீறினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து அடியில இறங்கிடும், டூ-டி ஆயில் மேல பெட்ரோலோட நின்னுடும். டேங்க் ஃபில்டர் கிடக்கிறது அடியில, அதனால இன்ஜினுக்குப் போறது ஆயில் இல்லாத கலவை. வேலை முடிஞ்சதும் டேங்கைக் காலி பண்ணி, தானா அணையுற வரைக்கும் ஓட்டி வைங்க. கலக்கின பெட்ரோலை ரெண்டு வாரத்துக்கு மேல வெச்சுக்காதீங்க.

உச்சத்துல கத்துறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் இந்த மிஷின்ல சீக்கிரம் வெடிக்கும். ஐடில்ல ஓடும்போது அந்த இடத்துல கார்ப் கிளீனரைச் சைலன்சர் பக்கம் படாம லேசா அடிங்க. சத்தம் மாறினா காத்து ஒழுகுது. அதை மாத்தாம சைலன்சரைத் தொடாதீங்க.

தொண்டிப் பட்டறை

ஒரு திருத்தம் சேர்த்துக்கிறேன். 40 மில்லிங்கிறது 25க்கு 1. சாதா டூ-டி ஆயிலுக்கு அது சரி. ஜேசோ எஃப்.டி. (JASO FD, ஜப்பான் தரக்குறி) தரம் போட்ட ஆயில்ன்னா 25 மில்லி போதும், கரி படியாது. ஆனா ஆயிலைக் குறைச்சா அதே லிட்டர்ல பெட்ரோல் பங்கு கூடும், ட்யூனிங் மாறும். ஆயிலை மாத்துற அன்னைக்கே எச் திருகையும் திரும்ப வைங்க.